டெரல் ஒட்டிவிட்டுப் போன ஐந்து வரிகள்

முதலில் ‘டங்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு மணியண்ணையின் குரல்.

“ஐயோ தம்பி! தலை, தலை!”

இடிபட்ட பிறகு சொல்லி என்ன பயன்? அதுவும் தமிழில்.

நான் பேஸ்மென்ற் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டு நின்றேன். தை மாதக் குளிர். படியில் இரண்டு சப்பாத்துகள் இறங்கின. என் சப்பாத்தைக் கழற்றாமலே அவற்றுக்குள் கால் வைத்து நடக்கலாம் போலிருந்தது. பிறகு கால்கள். அவை வந்துகொண்டே இருந்தன. பிறகு இரண்டு பெரிய பைகள், ஒரு பெட்டி. கடைசியாக, நெற்றியைப் பொத்திப் பிடித்தபடி ஒரு முகம்.

அந்த முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது. விரல்களுக்கு நடுவே மெல்லியதாக ஒரு கோடு இரத்தம்.

“இவர் டெரல். அமெரிக்கன். பாஸ்கற்போல் விளையாடுறவர். பக்கத்து அறை இனி இவருக்கு,” என்றார் மணியண்ணை. அவர்தான் வீட்டுக்காரர். பிறகு என்னைக் காட்டி டெரலிடம், “திஸ் இஸ் அண்ணை” என்றார்.

டெரல் என்னைவிட மூன்று வயது இளையவர். அதனால் மணியண்ணை அப்படிச் சொன்னார். ஆனால் டெரல் அதையே என் பெயராக எடுத்துக்கொண்டார். திருத்த எனக்குக் கூச்சம். அவர் அந்த வீட்டில் இருந்த ஏழு மாதமும் நான் அண்ணைதான்.

ஊரில் சண்டை முடிந்த வருடம் அது. அது முடியப் போகிறது என்று அந்தத் தை மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நிமிர முடியாத வீடு

டெரலின் உயரம் ஆறடி எட்டங்குலம். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கத்தில் இருந்த மணியண்ணையின் பேஸ்மென்ற் ஆறரை அடி. சூட்டுக் காற்றுக் குழாய் போகும் இடங்களில் அதுவும் இல்லை.

அணியை நடத்தியவர் மணியண்ணைக்குப் பழக்கமானவர். விளையாட்டுக்காரருக்கு வீடு தரப்படும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எவ்வளவு உயரமான வீடு என்று இருக்கவில்லை.

“சமைக்கிறதெல்லாம் இருந்துகொண்டு செய்யலாம் தம்பி. படுக்கிறதுக்கு உயரம் தேவையில்லைத்தானே?” என்று மணியண்ணை சமாதானம் சொன்னார். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னார் என்று நினைவில்லை. டெரல் விழுந்து விழுந்து சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

நான் ஒரு பழைய மெத்தையை வெட்டி, குழாய் போகும் மூன்று இடங்களில் கயிறு போட்டுக் கட்டினேன். டெரல் அதைத் தொட்டுப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு வெள்ளை ரேப் உருளையை எடுத்து, என் கட்டுக்கு மேல் சுற்றி இறுக்கினார். விளையாட்டுக்காரர் விரலிலும் கணுக்காலிலும் சுற்றுகிற, பசை தடவிய துணி ரேப். கையாலேயே கிழிக்கலாம். கத்தரிக்கோல் தேவையில்லை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம். அவர் சொன்னதில் எனக்கு விளங்கியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். விளங்காதது அதைவிடக் கூட.

மூடாத பெட்டி

பதின்மூன்று வருடமாக அவர் தன் நாட்டுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்தார். துருக்கி, போலந்து, சைப்பிரஸ், லெபனான், பிலிப்பைன்ஸ் என்று விரல் மடித்தார். சில இடங்களில் ஒரு வருடம். ஒரு இடத்தில் பதினொரு நாள்.

“பதினொரு நாளா?”

“மூண்டு ஆட்டம் தோத்தம். தோத்தால் முதல்ல அமெரிக்கனைத்தான் அனுப்புவினம். ஊர்ப் பெடியளை எங்க அனுப்புறது?”

ஒரு அணியில் இரண்டு வெளிநாட்டார்தான் இருக்கலாம் என்று பல நாடுகளில் சட்டமாம். அந்த இரண்டு பேர்தான் எல்லா ஆட்டத்தையும் வெல்ல வைக்க வேண்டும். வென்றால் ஊரே தோளில் தூக்கும். தோற்றால் காலையில் ஒருவர் விமானச் சீட்டோடு கதவைத் தட்டுவார். அதனால் அவர் ஒரு நாட்டிலும் பெட்டியை முழுதாக வெறுமையாக்கியதில்லை. ஸ்காபரோவிலும் அவருடைய பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் திறந்தபடிதான் கிடந்தது. உடுப்பைத் தோய்த்து, மடித்து, திரும்ப அதற்குள்ளேயே வைப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. புது நாட்டுக்குப் போனால் பயிற்சியாளர் கத்துவது ஒன்றும் விளங்காது. ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று தெரியாமல் ஆடுகளத்தில் முழிக்க வேண்டியிருக்கும். ஆகவே பயிற்சியின்போது காதில் விழுகிற சத்தத்தை அப்படியே ஆங்கில எழுத்தில் ரேப்பில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்வார். பொருளை இரவு யாரிடமாவது கேட்டுக்கொள்வார். முதலில் சத்தம், பிறகுதான் பொருள்.

“ரொறன்ரோவில எல்லாரும் இங்கிலீஷ்தான் கதைக்கினம். கையில ஒண்டும் இல்லாமல் விளையாட ஒரு மாதிரி இருக்கு. உங்கட பாஷையில ஏதும் தாங்கோ அண்ணை.”

குசினியைச் சுற்றிப் பார்த்தேன். குழாயைத் திறந்து காட்டி, “தண்ணி” என்றேன்.

அவர் எழுதி ஒட்டிக்கொண்டார்.

பார்க்டேல் சட்டம்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் மனைவி ரஞ்சியைத் தெரியும். மற்றவர்களுக்காக இரண்டு வரி. மகள் பிறந்து பத்தாம் மாதம் நான் ஊரை விட்டு வெளிக்கிட்டேன். ரஞ்சியையும் மகளையும் கூப்பிடப் பத்திரங்கள் போட்டு, அவை அசைந்து வருவதற்குள் எட்டு வருடம் போய்விட்டது. ரஞ்சியின் தாய் படுக்கையில் விழுந்துவிட்டதால் அவள் வன்னியை விட்டு வெளியே வராமல் நின்றாள். பிறகு சண்டையில் வன்னிப் பாதை பூட்டுப்பட்டது.

அவளிடம் இருந்தது என் தொலைபேசி இலக்கம் ஒன்றுதான். அந்த இலக்கம் நகரத்தின் மறுபக்கம், பார்க்டேலில் கிடைத்தது. நான் வந்த புதிதில் அங்கே ஒரு பழைய அடுக்குமாடியில் ஏழு பேர் ஒன்றாக இருந்தோம். ஏழு பேருக்கும் ஒரு போன். நான் வாழ்க்கையில் முதன்முதல் ரிசீவரைக் காதில் வைத்தது அங்கேதான். தலைகீழாகப் பிடித்தேன். குணம் என்கிற என் ஊர்க்காரன் அதைச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பான்.

அந்த வீட்டில் ஒரேயொரு சட்டம் இருந்தது. ஒருவன் ஊரோடு கதைக்கும்போது மற்றவர்கள் குசினியை விட்டு வெளியே போய்விட வேண்டும். அவன் எவ்வளவு நேரம் கதைத்தாலும் இடையில் போய் நிற்கக் கூடாது. குளிரிலும் படிக்கட்டில் நிற்போம். உள்ளே ஒருவன் தாயோடு கதைத்து அழுவது கேட்கும். ஒருவரும் கேட்காத மாதிரி நிற்போம்.

அந்த அறை கலைந்தபோது ஆளுக்கொரு பொருளை எடுத்தார்கள். நான் இலக்கத்தை எடுத்தேன். நாலு வீடு மாறினேன். ஒவ்வொரு தடவையும் தொலைபேசிக் கம்பனிக்கு ஆள் பிடித்துப் பேசி, அதே இலக்கத்தைக் கொண்டு போனேன். மணியண்ணை வீட்டு பேஸ்மென்ற் குசினிச் சுவரிலும் அதுதான் இருந்தது. செல்போன் எல்லோரிடமும் வந்த பிறகும் எனக்கு அதுதான். ஏனென்றால் ரஞ்சி மனப்பாடம் செய்து வைத்திருந்தது அந்தப் பத்து இலக்கத்தைத்தான்.

பத்து மணி

மாசி மாதம் ஒருநாள் டெரல் தயங்கித் தயங்கி வந்தார். அமெரிக்காவில் அவருக்கு ஒரு மகள், பெயர் மாயா, பத்து வயது. தாயோடு இருக்கிறாள். அணி கொடுத்த செல்போனில் நிமிடம் காணாது. என் போனில் ஒரு தடவை கதைக்கலாமா?

கதைக்கச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். விருந்தாளிக்குச் செய்வதைப் போல, தமிழ்க்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளிநாட்டுக்குக் கதைக்கிற ஒரு போன் அட்டையும் வாங்கிக் கொடுத்தேன். பின்பக்கத்தைச் சுரண்டுவது, இலக்கத்தை அடிப்பது, எல்லாம் காட்டிக் கொடுத்தேன். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. உலகம் சுற்றிய மனிதருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்ததே.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு டெரல் குசினி நாற்காலியில் இருப்பார். முழங்காலில், குளிர்பெட்டியில் இருந்து எடுத்த என் பரோட்டாப் பொதி. வீக்கத்துக்கு ஐஸைவிட அது நல்லது என்பார். தோளுக்கும் காதுக்கும் நடுவே ரிசீவர். மறுமுனையில் மாயா ஏதோ புத்தகத்தை வாசித்துக் காட்டுவாள். அவர் கதைப்பதே இல்லை. “ம்ம்... ம்ம்... பிறகு?” ஒரு மணித்தியாலம். சிலநேரம் அதற்கு மேல்.

இங்கே காலை பத்து என்றால் ஊரில் இரவு எட்டு மணியைச் சுற்றி. வேலை இல்லாத நாளில் நான் வீட்டில் நிற்பேன் என்று ரஞ்சி வழக்கமாகப் போன் எடுக்கிற நேரம்.

முதல் சனிக்கிழமையே எனக்கு அது உறைத்தது. சொல்ல வாய் வரவில்லை. பார்க்டேல் சட்டம் எனக்குள் ஊறிப் போயிருந்தது. நான் எழுந்து படியில் போய் இருந்தேன்.

பங்குனி கடைசியில் குணம் பார்க்டேலில் இருந்து போன் எடுத்தான்.

“உன்ர மனிசி எனக்கு எடுத்தவ. எங்கயோ வரிசையில நிண்டு, ஒரு நிமிசம்தான் கிடைச்சதாம். என்ர நம்பரைப் பக்கத்தில நிண்ட எங்கட ஊராளிட்ட வாங்கினவவாம். உனக்கு மூண்டுதரம் அடிச்சவவாம். எங்கேஜ். கடற்கரைப் பக்கம் போறம், இனி எடுக்கேலாது எண்டு சொல்லச் சொன்னவ.”

நான் குசினி நாற்காலியை இழுத்துப் போட்டு இருந்தேன்.

“இன்னொண்டும் கேட்டவ. அவர் ஆரோட அவ்வளவு நேரம் கதைக்கிறார் எண்டு.”

இன்னொரு அழைப்பு வந்தால் உள்ளே சத்தம் காட்டுகிற வசதி ஒன்று அந்தக் காலத்திலேயே இருந்தது. கம்பனிக்கு ஒரு தடவை சொன்னால் போட்டுவிடுவார்களாம். எனக்கு அது தெரியாது. தெரிந்த ஒருவரிடமும் நான் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை, கேட்டே தீர்வது என்று குசினிக்குள் போனேன். “டெரல்” என்றேன். அவர் ஒரு விரலை உயர்த்தி, கண்ணால் சிரித்து, ரிசீவரைக் காட்டினார். உள்ளே மாயாவின் குரல் சின்னதாகக் கேட்டது. ஒரு சொல்லில் தடக்கி, திரும்ப வாசித்தாள். என் மகளுக்கு எட்டு வயது கழிந்துவிட்டது. அவள் வாசிப்பாளா என்றுகூட எனக்குத் தெரியாது.

“சோறு போடவா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஒஷாவாவில் ஒரு பின்னேரம்

சித்திரை மாதம் மணியண்ணை என்னை ஒஷாவாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். டெரலின் ஆட்டம். நான் வரவில்லை என்றேன். போனை விட்டுவிட்டு எங்கும் போக எனக்கு மனமில்லை. “இண்டைக்கு வேலைநாள். மனிசி எடுக்காது. நீ உந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தால் விசர்தான் பிடிக்கும்,” என்று காரில் ஏற்றினார்.

ஒரு பாடசாலையின் விளையாட்டு மண்டபம். நூறு பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் பொப்கோர்ன் சாப்பிட வந்தவர்கள்.

டெரல் உள்ளே வந்தார். எனக்கு முதலில் அவரை அடையாளம் தெரியவில்லை. மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்தும், அவர் நிமிர்ந்து நின்று நான் பார்த்தது அன்றுதான். கழுத்து நேராக இருந்தது. தோள் அகன்றிருந்தது. வேறு யாரோ மாதிரி.

முப்பத்தைந்து வயது அந்த விளையாட்டில் கிழவன் வயதாம். முழங்கால் ஒவ்வொரு தடவை மடங்கும்போதும் அவர் முகம் சுருங்குவது எங்களுக்குத் தெரிந்தது. இருந்தும் கூடைக்குக் கீழே போய் நின்றுவிட்டால் ஒருவராலும் அவரை நகர்த்த முடியவில்லை. இடையில் கையை உயர்த்தியபோது மணிக்கட்டில் வெள்ளை ரேப் தெரிந்தது.

“உதில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார் மணியண்ணை.

“தண்ணி.”

“விசர் மனிசன்,” என்று சொல்லிவிட்டு மணியண்ணை எழுந்து நின்று, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி, “தண்ணி! தண்ணி!” என்று கத்தினார். டெரல் ஓடிக்கொண்டே கையை உயர்த்திக் காட்டினார். நான் நாற்காலிக்குள் புதைந்து போனேன்.

பிடுங்கிய வயர்

வைகாசியில் எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது.

அதற்கு முன்னைய கிழமைகளில் சண்டையை நிறுத்தச் சொல்லி நகரத்து வீதியில் எங்கள் சனம் நின்றது. நானும் வேலை முடிந்து போய் நின்றேன். ஒரு பெண்பிள்ளை என் கையில் சுலோகம் எழுதிய ஒரு மட்டையைத் தந்தாள். எல்லோரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. வாயை மட்டும் அசைத்தேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

முடிந்தது என்று சொன்னதற்கு அடுத்த சனிக்கிழமை. பத்து மணி. டெரல் நாற்காலியில் இருந்தார். பரோட்டாப் பொதி, ரிசீவர், “ம்ம்... பிறகு?”

நான் படியில் இருந்தேன். தப்பி வந்த சனத்தை முள்கம்பி போட்ட முகாம்களில் வைத்திருக்கிறார்கள் என்றும், ஒளித்துக் கொண்டுபோன செல்போன்களில் சிலர் வெளிநாட்டுக்குப் பேசுகிறார்கள் என்றும் முதல்நாள் கேள்விப்பட்டிருந்தேன். அவள் இப்போது எடுத்தால்? இந்த நிமிடம் எடுத்தால்?

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. குசினிக்குள் போய், சுவரிலிருந்த வயரைப் பிடித்து இழுத்தேன். பிடுங்கிக்கொண்டு வந்தது.

டெரல் திடுக்கிட்டு எழுந்தார். நான் மெத்தை கட்டாத இடத்தில் அவர் தலை இடித்தது. அதே ‘டங்’. திரும்ப நாற்காலியில் விழுந்து, தலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். அவர் கண்ணில் பயம்தான் இருந்தது. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த எல்லா ஆங்கிலமும் அன்று வெளியே வந்தது. மனைவி. மகள். சண்டை. இந்த இலக்கம். சனிக்கிழமை. எங்கேஜ். மூன்று தரம்.

அவர் கடைசிவரை கேட்டார்.

“நாலு மாசமா ஏன் அண்ணை சொல்லேல்லை?”

“நீங்கள் பிள்ளையோட கதைச்சுக்கொண்டிருந்தீங்கள்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தரையில் முழங்காலில் இருந்து, அந்த வயரைத் திரும்பச் சுவரில் பொருத்தினார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, என் காதிலும் வைத்தார். டயல் சத்தம் வந்தது. உடனே வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து மாயாவோடு அவர் கதைத்தது தெருமுனைக் கோப்பிக் கடைக்கு வெளியே இருந்த பொதுத் தொலைபேசியில். அந்தக் கூண்டும் அவருடைய உயரத்துக்குப் பதிவுதான். மழையில் பாதி உடம்பு வெளியே நனைய, “ம்ம்... பிறகு?” என்று கேட்டுக்கொண்டு நிற்பார்.

மூன்று சொல்

ஆட்டக்காலம் முடிந்து அவர் பகலில் வீட்டில் நின்றார். நான் ஏஜென்சி மூலம் ஒரு பொதி கட்டுகிற இடத்தில் வேலை. சனிக்கிழமையும் கூப்பிட்டார்கள். வேலை நேரத்தில் போன் வந்தால் கூப்பிட்டுத் தரமாட்டார்கள்.

“நீங்கள் இல்லாத நேரம் அவ எடுத்தால் நான் என்ன சொல்லவேணும்?” என்று டெரல் கேட்டார்.

மேசையில் இருந்து பாடம் நடந்தது. மணியண்ணையும் வந்து சேர்ந்துகொண்டார். அவளைத் தங்கச்சி என்று கூப்பிட வேண்டும். நான் வேலை என்று சொல்ல வேண்டும். பிறகு, சொல்லுங்கோ என்று சொல்ல வேண்டும்.

“தங்-காச்-சீ. வேலே. சொல்லுங்-கோ.”

“உவர் சொல்லுற சத்தத்தில அந்தப் பிள்ளை போனைப் போட்டிட்டு ஓடப்போகுது,” என்றார் மணியண்ணை. “கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ தம்பி. ஸ்லோ. சொஃப்ட்.”

டெரல் கண்ணை மூடி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மூன்று சொல்லையும் ரேப்பில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டினார். அந்த ரேப் உருளையையும் ஒரு பேனையையும் போனுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

ஐந்து துண்டுகள்

ஆனி போனது. ஆடி பிறந்தது. அழைப்பு வரவில்லை.

டெரலுக்குப் போர்த்துக்கலில் இருந்து ஒரு அணி ஆள் அனுப்பியது. ஒரு கிழமை வைத்துப் பார்ப்பார்கள், பிடித்தால் ஒரு வருடம். இந்த வயதில் இனி இப்படி ஒன்று வராது என்று சொன்னார். ஒரு சனிக்கிழமை பின்னேர விமானம். நான் விடிய வேலைக்குப் போகும்போதே விடைபெற்றுக்கொண்டோம். அவர் குனிந்து என்னைக் கட்டிப்பிடித்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகில் தட்டினேன்.

நாலரை மணிக்குத் திரும்பி வந்தேன். வீட்டு வாசலில் அவருடைய இரண்டு பைகளும் கட்டியபடி இருந்தன. ஒருநாளும் மூடாத பெட்டியும் மூடியிருந்தது. கீழே இறங்கினேன். டெரல் குசினி நாற்காலியில் இருந்தார்.

“பிளேன்?” என்றேன்.

அவர் குளிர்பெட்டியைக் காட்டினார். கதவில் ஐந்து வெள்ளைத் துண்டுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றிலும் அவசர அவசரமாகக் கிறுக்கிய ஆங்கில எழுத்து.

“அவ எடுத்தவ,” என்றார்.

நான் குளிர்பெட்டிக்குக் கிட்டப் போனேன்.

பதினொரு மணிக்கு, பையோடு படி ஏறியபோது போன் மணி அடித்ததாம். ஒரு நிமிடம்தான். அவர் மூன்று சொல்லையும் சொன்னார். திரும்பவும் சொன்னார். பிறகு அவள் பேசத் தொடங்கினாள். அவர் பதின்மூன்று வருடமாகச் செய்ததைச் செய்தார். விளங்குகிறதா என்று பாராமல், காதில் விழுந்த சத்தத்தை அப்படியே எழுதினார்.

“இதை ஒட்டிப்போட்டுப் போயிருக்கலாம். ஆனால் என்ர எழுத்து உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. வேற ஆருக்கும் இந்தச் சத்தம் தெரியாது. அவ எப்பிடிச் சொன்னவ எண்டு நான் ஒருத்தன்தான் கேட்டனான்.”

அதற்காக அவர் ஐந்தரை மணித்தியாலம் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறார். விமானம் அந்நேரம் ஓடுபாதையில் நின்றிருக்கும்.

வாசித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெறும் சத்தம். இரண்டாம் தரம், கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதை நினைவுக்குக் கொண்டுவந்து மெதுவாகச் சொன்னார். மூன்றாம் தரம் எனக்கு உடைந்து உடைந்து தமிழ் வந்தது.

“நா-னும் பில்-லை-யும் இருக்-கி-றம்.”

“காம்-பில.”

“அம்-மா இல்லே.”

“அ-லா-தேங்-கோ.”

“நம்-பரை மாத்-தா-தேங்-கோ.”

மூன்றாவது துண்டின் முடிவில் நீளமாக ஒரு கோடு மட்டும் போட்டிருந்தது. “இது என்ன?” என்று விரல் வைத்துக் கேட்டேன்.

“அதில அவ அழுதவ. அதுக்கு எழுத்துத் தெரியேல்லை.”

திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். திரும்பவும் கேட்டேன். அந்தப் பெரிய குரலுக்குள், சொல் விழுகிற இடத்திலும் நிற்கிற இடத்திலும் ரஞ்சி இருந்தாள். நாலாவது வரியை அவர் தாழ்த்திச் சொன்னார். அவள் அப்படித்தான் சொன்னாளாம். எத்தனை தரம் வாசித்தார் என்று தெரியாது. மேலே மணியண்ணை வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குக் கோப்பை வைக்கிற சத்தம் கேட்கும்வரை வாசித்தார். ஒருதரமும் அலுக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத்தான் அடுத்த விமானம் கிடைத்தது. போர்த்துக்கலில் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்று அணிக்காரர் சொன்னதாக மணியண்ணை பிறகு சொன்னார். டெரல் அதை என்னிடம் சொல்லவில்லை. எங்கே போனார் என்றும் தெரியாது. திரும்ப லெபனானில் விளையாடுகிறார் என்று ஒருவர் சொன்னார். முழங்கால் போய்விட்டது, ஊரில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறார் என்று இன்னொருவர் சொன்னார்.

இப்போதும்

ரஞ்சியும் மகளும் அதற்கு மூன்று வருடம் கழித்து வந்து இறங்கினார்கள். எனக்குத் தெரியாத ஒரு உயரமான பிள்ளை தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அந்தக் கதை வேறு.

டெரலைப் பற்றி ரஞ்சி சொல்வாள்: “ஏதோ கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி ஒரு குரல். ‘தங்கச்சி, சொல்லுங்கோ’ எண்டுது. உங்களை ஆரோ பிடிச்சு வச்சிருக்கினம் எண்டு நினைச்சன். ஆனால் குரல் மெதுவா இருந்தது. ஏதோ அப்பன் பிள்ளையிட்டக் கேக்கிற மாதிரி. அதான் சொன்னன்.”

அந்த ஐந்து துண்டுகளையும் நான் குளிர்பெட்டியிலிருந்து கிழியாமல் உரித்தெடுத்து, ஒரு நாட்காட்டி மட்டையின் பின்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். எழுத்து மங்கிவிட்டது. கோடு மட்டும் இன்னும் கறுப்பாக இருக்கிறது.

போனும் இருக்கிறது. இப்போது நாங்கள் இருக்கிற அடுக்குமாடியில், குசினிச் சுவரில், அதே இலக்கம். அதற்கு வருகிற அழைப்பெல்லாம் சூட்டுக் காற்றுக் குழாயைத் துப்புரவாக்கவா, டக்ட் கிளீனிங் செய்யவா என்று கேட்பவர்கள்தான்.

போன சனிக்கிழமையும் ஒன்று வந்தது. வேலை கிடைத்து விட்பி நகரத்துக்குக் குடிபோன மகள் வார இறுதிக்கு வந்திருந்தாள். நான் ஓடிப்போய் எடுத்து, கேட்டு, வைத்தேன்.

“டக்ட் கிளீனிங்கா?” என்றாள் மகள். “அப்பா, நோபடி யூசஸ் லாண்ட்லைன். கட் பண்ணுங்கோ, ப்ளீஸ்.”

அடுப்படியில் நின்ற ரஞ்சிதான் திரும்பாமலே சொன்னாள்.

“விடு பிள்ளை. அந்த மனிசனுக்கு இந்த நம்பர் மட்டும்தானே தெரியும்.”

மகள் போனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தேநீரை எடுத்துக்கொண்டு போனாள்.

நேரம் பத்தைத் தாண்டியிருந்தது. ரிசீவரை எடுத்து, டயல் சத்தம் வருகிறதா என்று ஒருதரம் கேட்டுப் பார்த்தேன். வந்தது. உடனே வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து டெரல் எடுத்துவிட்டால்?